தூர் வாரியவர் கட்டிய நகரம்

நதிகளே நாகரிகத்தை ஈன்றன என்று நம் சரித்திரப் பாடங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதால், ஆறு பெருகியது, வயல் விளைந்தது, நகரம் தானே எழுந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், யூப்ரட்டீஸ் நதியின் வண்டல் வெளியில், கி.மு. 3200-ஐ ஒட்டிச் சுமார் 250 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடந்த உருக் நகரம் அவ்வாறு எழுந்ததன்று.

அப்பிரதேசத்தில் மானாவாரிப் பயிருக்குப் போதிய மழை கிடையாது. எகிப்தின் நைல் நதியோ கோடையில் பெருகி, விதைப்புக்கு முன்னரே வடிந்து, ஈர மண்ணை உழவன் கையில் ஒப்படைத்துச் சென்றது. யூப்ரட்டீஸும் டைக்ரிஸும் விதைக்கும் பருவத்தில் இளைத்துக் கிடந்து, மலைப்பனி உருகும் வசந்தத்தில், வாற்கோதுமை கதிர் முற்றி நிற்கும் வேளையில், பெருவெள்ளமாய் வந்தன. ஆகவே கரை உயர்த்துவதும், வாய்க்கால் வெட்டுவதும், ஆண்டுதோறும் அதில் படியும் வண்டலைத் தூர் வாருவதும் ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியங்களாயின. கூடி உழைத்தவர்களுக்குப் படியளக்கத் தானியத்தை ஓரிடத்தில் குவிக்கவும் கணக்கு வைக்கவும் வேண்டியிருந்தது. நகரம் கருக்கொண்டது அந்தக் களஞ்சியத்தில்தான் என்பது என் துணிபு.

உருக்கை அகழ்ந்தவர்களுக்குக் குவியல் குவியலாகக் கிடைத்த பொருள் பொன்னன்று; மட்டமான மண் கிண்ணம். அச்சில் களிமண்ணை அழுத்தி அவசரமாகச் செய்த, சித்திரமோ மெருகோ அற்ற அக்கிண்ணத்தின் உட்புறத்தில் அழுத்தியவரின் விரல் தடம் இன்றும் தெரிகிறது. கூலித் தானியம் அளந்த பாத்திரம் இது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். ரொட்டி சுட்ட அச்சு என்போரும் உண்டு. அங்கு தோன்றிய ஆதி எழுத்தில் உணவுப்படியைக் குறிக்கும் சித்திரம் ஒரு மனிதத் தலையும் அதனருகே இத்தகைய கிண்ணமுமாக இருப்பது என்னை முன்னவர் பக்கமே சாய்க்கிறது. அவ்வெழுத்தைத் தாங்கிய களிமண் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை தானியமும் ஆடும் மதுவும் வரவு செலவான கணக்குகளே.

நீரைக் கொணர்வதில் இருந்த சிரத்தை அதை வடித்துவிடுவதில் இல்லாமையால், பிற்காலத்தில் வயல்கள் உவர் பூத்து, கோதுமை அருகி, உப்பைச் சற்றுத் தாங்கும் வாற்கோதுமையின் விளைச்சலும் சுருங்கியது என்று 1958-இல் ஆய்வாளர்களான யாக்கப்சனும் ஆடம்சும் எழுதினர். அம்முடிவின் அளவு பற்றி விவாதம் உண்டெனினும், அணைக்கும் வாய்க்காலுக்கும் அடிக்கல் நாட்டும் அரசுகள் வடிகாலுக்கும் தூர் வாருவோர் கூலிக்கும் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கவேண்டுமென்று நான் வற்புறுத்துவது இதைக் கருதியே.