பி.டி.எஃப். ஆக்கினால் போதுமாம்!

பல்கலைக்கழக வழங்கியைப் புதுப்பித்த நாளிலிருந்து எங்கள் துறையின் வட்டாரச் சொல்லகராதித் தளம் வெற்றுப் பக்கமாக நிற்கிறது. பி.எச்.பி. 5இல் எழுதிய தளம் அது. தரவுத்தளத்தை அணுக அது நம்பியிருந்த பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வெளியான 7.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டன. 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 இறுதியோடு நின்றன. ஆகவே, பழையதையே ஓடவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

“தரவை பி.டி.எஃப். ஆக்கிவிடலாம், நிரலை மாற்றுவது கணினிக்காரர் வேலை” என்னும் முடிவைத்தான் எதிர்க்கிறேன். ஒரு சொல் எந்தெந்த ஊரில் எப்படித் திரிகிறது என்று ஒப்பிட்டுத் தேட முடிந்ததே அத்தளத்தின் பயன். பி.டி.எஃப். அதற்கு உதவாது.

நிரல் மாற்றமும் மொழியியல் வேலைதான். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? பி.எச்.பி.யின் வழக்கமான செயற்கூறு பைட்டுகளை எண்ணி 15 என்னும். பல்பைட்டுச் செயற்கூறு ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணி 5 என்னும். முதல் வகுப்புக் குழந்தை 3 என்னும். தவறானதைத் தேர்ந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. தேடல் முடிவுகள் மட்டும் ஓசையின்றிப் பிழையாகும். (இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.)

உ.வே.சா. பாடவேறுபாடுகளைக் குறித்ததை வகுப்பில் வியந்து பேசும் நாம், நிரலைத் திருத்தும் மாணவரின் மாதக்கணக்கான உழைப்பை ஆய்வுப்பணியாக ஏற்பதில்லை. தளம் கட்ட நல்கை கிடைத்தது. பராமரிக்க ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. பழைய வட்டை அழிக்கும் முன் மூலநிரலையும் தரவுத்தளப் படியையும் துறை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறவேண்டும். இந்த வாரமே.