'மட்டும்' என்றொரு பூட்டு

ஓப்பன் சோர்ஸ் ஆட்களிடம் "உங்க ப்ராஜெக்ட் என்ன லைசென்ஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜிபிஎல் 2" என்பார்கள், வீட்டுக் கதவு எண்ணைச் சொல்வதுபோல. அது பாதிப் பதில்தான். இரண்டாம் பதிப்பு மட்டுமா, இல்லை 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தைய எதுவும்' என்பதா? இதற்குப் பலர் முழிப்பார்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. நன்றாக யோசித்து, தெளிவாக, 'மட்டும்' என்று எழுதிவைக்கிறவர்களோடுதான். அதை அவர்கள் எச்சரிக்கை என்கிறார்கள். பின்னால் வருகிறவன் தலையில் கட்டும் கடன் என்கிறேன் நான்.

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு வந்தது 1991இல். மூன்றாவது 2007இல். இடைப்பட்ட 16 வருடங்களில் உலகம் மாறிவிட்டது. டிவோ என்ற டிவி ரெக்கார்டர் லினக்ஸை உள்ளே வைத்து விற்றது. நிரலையும் முறையாகக் கொடுத்தது. ஆனால் நீங்கள் திருத்திய நிரலை அந்தப் பெட்டி ஓட்டாது. மூன்றாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்கப் புது நிபந்தனைகள் போட்டது. இரண்டாம் பதிப்போ கூடுதல் நிபந்தனை எதையும் ஏற்காது. விளைவு: '2 மட்டும்' நிரலையும் '3' நிரலையும் ஒரே மென்பொருளாகச் சேர்த்து வெளியிட முடியாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பந்தியில் உட்கார முடியாது.

லிப்ரேகேட் கதையைப் பாருங்கள். வரைபட மென்பொருளுக்கு ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்புகளைப் படிக்கத் தெரிய வேண்டும். அதற்கென்றே க்னூ திட்டத்தில் லிப்ரேடிடபிள்யூஜி இருந்தது, மூன்றாம் பதிப்பில். லிப்ரேகேடோ க்யூகேடின் சமூகப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது. தாய்வீட்டுச் சீதனமாக 'இரண்டு மட்டும்' கூடவே வந்தது. நிரலில் பெரும்பகுதி இன்னொருவருடையது என்பதால் மாற்றவும் வழியில்லை. லைப்ரரியின் உரிமத்தைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டதற்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் இறங்கி வரவில்லை. கடைசியில் லிப்ரேகேட்காரர்கள் தனியாக ஒரு லைப்ரரி எழுதிக்கொண்டார்கள். சுதந்திர மென்பொருள் ஆட்கள், சுதந்திர மென்பொருள் ஆட்களிடமிருந்து தப்பிக்க, அதே வேலையை இன்னொரு தடவை செய்தார்கள்!

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் அருமையான ஒரு லைப்ரரி. 'இரண்டு மட்டும்'. என் கருவியில் ஏற்கெனவே மூன்றாம் பதிப்பு நிரல் இருந்தது. எழுதியவருக்கு மூன்று மெயில் போட்டேன். மூன்றும் திரும்பி வந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து அட்டவணைகளை நானே எழுதினேன். அவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. இல்லையென்றாலும் பூட்டு கழலாது. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபிறகு 60 ஆண்டுகள் நிற்கும். 30 வயதில் எழுதிய நிரல், 80 வயதில் மரணம் என்றால் மொத்தம் 110 வருடம். பத்து வருடம் தாங்காத நிரலுக்கு!

எதிர்த்தரப்பில் பெரிய ஆள் லினஸ் டோர்வால்ட்ஸ். கெர்னலுக்கு இரண்டாம் பதிப்புதான் என்று 2000இலேயே தெளிவாக எழுதிவைத்தார். இன்னும் எழுதப்படாத உரிமத்துக்கு நான் ஏன் இப்போதே கையெழுத்துப் போட வேண்டும் என்ற வாதத்தை என்னால் தள்ளிவிட முடியாது. தொகை எழுதாத செக்தான் அது. ஆனால் அவருக்கே நாளை மனம் மாறினாலும் கெர்னல் மாறாது. ஆயிரக்கணக்கான பேர் சம்மதிக்க வேண்டும். சிலர் உயிரோடும் இல்லை.

மறுபக்கம் விக்கிப்பீடியா. அதன் பழைய உரிமம் ஒரு மென்பொருள் கையேட்டுக்காக எழுதப்பட்டது. கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தவே இல்லை. நல்லவேளை, 'அல்லது பிந்தைய பதிப்பு' என்ற சொற்கள் இருந்தன. 2008 நவம்பரில் 1.3 பதிப்பு வந்து கதவைத் திறந்தது. 2009இல் தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறின. அந்தச் சொற்கள் இல்லாதிருந்தால், பெயரே போடாமல் ஐபி முகவரியில் எழுதிப் போனவர்களை எங்கே போய்த் தேடுவது? "என்னைக் கேக்காம மாத்திட்டாங்களே" என்று ஒருவர் குறைபட்டால் அதில் நியாயம் உண்டு. கேட்டிருக்கவே முடியாது என்பதும் உண்மை.

ஃபவுண்டேஷன் மேல் நம்பிக்கை இல்லையா? எனக்கும் முழுசாக இல்லை. அதற்கு 'மட்டும்' மருந்தில்லை. கேடிஈ ஆட்கள் செய்ததைப் பாருங்கள்: இரண்டு, மூன்று, அல்லது கேடிஈ சங்கத்தின் உறுப்பினர்கள் ஏற்கும் பிந்தைய பதிப்பு. சாவி ஃபவுண்டேஷனிடம் இல்லை, செத்துப்போன ஆசிரியரிடமும் இல்லை. நிரலோடு வாழ்கிறவர்களிடம் இருக்கிறது. மூன்றாம் பதிப்பின் 14ஆம் பிரிவே இப்படி ஒரு பிரதிநிதியை நியமிக்க இடம் தருகிறது. சங்கம் வைக்கிற அளவுக்கு ஆள் இல்லையென்றால், கூட வேலை செய்யும் ஒரு நண்பரின் பெயரைப் போடலாம். கோப்பின் தலையில் ஒரு வரி, ரெண்டு நிமிஷ வேலை.