கட்டியா, கலப்படமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கள்ளுக்கடைகளில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர்கள் அதிகம். அவர்களில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1987-ல் கள்ளுக்குத் தடை வந்த பிறகு, கோபாலபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டினால்தான் சட்டப்படி கள் கிடைக்கும். டம்ளரில் வெள்ளையாக ஒரு துணுக்கு மிதந்தால் போதும், 'எதையோ கலக்கிவிட்டான்' என்ற முணுமுணுப்பு எழும். வடிகட்டித் தெளிவாகக் கொடுக்கும் கடைக்காரருக்கு நல்ல பெயர்.

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் தவறான பொருள் மீது.

பாளையிலிருந்து சொட்டும்போது தென்னஞ்சாறு ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறங்கும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். பீர் ஆலையில் செய்வது போல யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பாளையிலும், பழைய கலயத்திலும், காற்றிலும், மொய்க்கும் ஈக்களிலும் இருப்பதே போதும். இத்தனை வகை நுண்ணுயிர்கள் ஒரே கலயத்தில் குடியேறும்போது அவை ஆளுக்கொரு தடயம் விட்டுச் செல்வதில் வியப்பில்லை.

முதலில் வேலையைத் தொடங்குபவற்றில் லூக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியாவும் ஒன்று. சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை அது உருவாக்கும். கள் கொழகொழவென்று நூல் விடுவதற்கும், அடியில் சளி போன்ற திரள் தங்குவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு இது பழைய எதிரி. வெட்டிய கரும்பை நாள்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் இதே பிசின்தான் சாற்றைக் கெட்டியாக்கி வடிகட்டிகளை அடைத்துவிடும். பார்க்க அருவருப்பு, ஆனால் விஷமல்ல. கலயத்தைச் சரியாகக் கழுவவில்லை என்பதை மட்டும் அது காட்டிக் கொடுக்கிறது.

அடுத்தது ஈஸ்ட். சர்க்கரை இருக்கும் வரை அதன் செல்கள் தனித்தனியாக நீந்தும். சர்க்கரை தீரத் தொடங்கியதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, திரள் திரளாக அடியில் இறங்கும். அந்தப் பிடிப்புக்குக் கால்சியம் தேவை. இந்த வண்டலைத்தான் மலையாளத்தில் மட்டு என்கிறார்கள், தமிழில் மண்டி. ஆப்பத்துக்கென்று கள் வாங்கி வைக்கும் வீடுகளில் மறுநாள் தெளிந்த நீரை மட்டும் மாவில் ஊற்றி, மண்டியைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. மாவைப் பொங்க வைப்பதே அந்த மண்டிதான்! குலுக்கிவிட்டு ஊற்றுவதே சரி.

மால்ட் சாறு வாங்கி வீட்டிலேயே பீர் காய்ச்சும் மேல்நாட்டினருக்கும் இதே கவலைதான். கொதிநீரில் மால்ட் பொடியைக் கொட்டியதும் கட்டி கட்டியாகிவிடும். நம் வீடுகளில் கேழ்வரகு மாவுக்குச் செய்வது போலப் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டால் தீர்ந்தது. கொதிக்கையில் முட்டை திரிவது போலப் புரதம் திரளும். புளித்த பின் ஈஸ்ட் படியும். எதுவும் ஆபத்தல்ல. கேரளத்தில் இதை முயல நினைப்பவர்கள் அப்காரிச் சட்டத்தை மறக்கக் கூடாது. அனுமதியின்றி வீட்டில் மது தயாரிப்பது அங்கே குற்றம்.

கள்ளை இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் மேலே ஆடை கட்டும். அது காடி, அதாவது வினிகர் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலை. அவற்றில் ஒரு வகை நெய்யும் ஆடை சுத்தமான செல்லுலோஸ். பிலிப்பைன்ஸில் அதே வகையைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து, கட்டிகளாக வெட்டி, பாகில் ஊறவைத்து 'நாட்டா டி கோகோ' என்று இனிப்பாக விற்கிறார்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போல மேலே படர்ந்தால் மட்டும் அது பூஞ்சை. தயங்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

இடுக்கியின் மலைப்பகுதியில் கூந்தல்பனையிலிருந்து இறக்கும் கள்ளுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? கண்ணுக்குத் தெரியாததற்கு. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர் தாலுகாவே பெரிய ஊற்று. வண்டி வண்டியாகப் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. மரங்கள் தருவதைவிடக் கடைகள் விற்பது அதிகம் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாக உண்டு. இடைவெளியை நிரப்பத் தண்ணீர், சர்க்கரை, சாக்கரின், சாராய ஸ்பிரிட். போதை குறைந்ததை மறைக்க குளோரல் ஹைட்ரேட், டயசெபாம் போன்ற தூக்க மருந்துகள். இவற்றில் எதுவும் கட்டியாக மிதக்காது. ஸ்பிரிட்டில் மெத்தனால் இருந்தால் அதுவும் நிறமின்றிக் கலந்துவிடும். 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குடித்தவர்கள் யாரும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில்தான் அது தெரியும்.

வடிகட்டித் தெளிவாகத் தரும் கடைக்காரர் அகற்றுவது மண்டியை மட்டுமே. மண்டியே படியாத, எத்தனை மணி நேரமானாலும் புளிப்பேறாத கள்தான் கேள்வி கேட்க வேண்டிய கள்.

மெத்தனாலின் இன்னொரு தந்திரம் தாமதம். குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்துக்கூட அறிகுறிகள் தொடங்கலாம். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, பிறகு பார்வையில் பனிமூட்டம். சாதாரண போதைத் தெளிவு என்று நினைத்துப் படுக்கவைப்பதுதான் வழக்கம். பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் உயிரோடு கண்ணும் தப்பலாம்.