கரை மட்டும் கட்சியானால் போதுமா?

மேலூர்த் தோழர்களே! மாநாடு என்றால் ஒரு புது வேட்டி. தேர்தல் என்றால் இன்னொன்று. கரையிலே கட்சி மின்னுகிறது, சரி. நூலிலே யார் உழைப்பு? கேட்டதுண்டா?

1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியிலே காந்தியார் அரையாடை ஏற்றார். அந்நியத் துணியைக் களைந்தால் மாற்றுக் கதர் வாங்க ஏழைக்கு வழியில்லை என்பதே காரணம். 1953இல், நெசவாளர் பட்டினி கண்டு துடித்த அண்ணா, திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி விற்றார். வழி வேறு, ஆனால் இருவருக்கும் உடை அலங்காரமல்ல, ஏழையோடு செய்த உடன்படிக்கை!

இன்று? வேட்டி ரகங்களைக் கைத்தறிக்கென 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியும், விசைத்தறி வேட்டி கைத்தறிப் பெயரிலே கடைக்கு வருகிறது. மலிவுச் சட்டையின் மிச்ச விலையையோ வேறொருவன் கொடுக்கிறான்: 2013இல் வங்கதேசத்து ராணா பிளாசா இடிந்து மாண்ட தொழிலாளர் 1,100க்கு மேல்!

கூலிக்காரன் கைக்குக் கைத்தறி விலை கனக்கும், மறுக்கவில்லை. ஆகவே நாலு வாங்கும் இடத்தில் ஒன்று வாங்குவோம், கோ-ஆப்டெக்சில் வாங்குவோம். கிழிந்தால் தைப்போம். தந்தையின் வேட்டியைப் பெருமையோடு உடுத்துவோம். நம் மானம் காக்கும் துணி, நெய்தவன் வயிற்றையும் காக்கட்டும்!