நயினாதீவுக் கல்வெட்டும் நின்றுபோன வழங்கியும்

எங்கள் ஊரான நயினாதீவுக்கென நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் இணையத்தளம் நடத்தி வருகிறோம். ஊரின் பழைய படங்களும் கல்வெட்டுகளும் அதில் உள்ளன. கல்வெட்டு என்று நான் சொல்வது, அந்தியேட்டியன்று வழங்கப்படும் நினைவு மலரை. 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றுக்குப் பூட்டன் பூட்டியின் பெயர் அச்சில் எஞ்சியிருப்பது அந்த மலர்களில் மட்டுமே.

2024 ஓகஸ்ட்டில் ஒருநாள் புதிய படங்களைத் தளத்தில் ஏற்ற முடியவில்லை. படங்களின் அளவைக் குறைக்கும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை வழங்கியில் நிறுவினால் போதும் என்றார்கள். வழங்கியில் இருந்தது லினக்ஸ் வகைகளுள் ஒன்றான சென்ட்ஓஎஸ் 7. அதில் 'யம்' என்ற கட்டளையைக் கொடுத்தால், கேட்ட பொதியையும் அது சார்ந்திருக்கும் பிற பொதிகளையும் களஞ்சியத்திலிருந்து இறக்கி நிறுவிவிடும். இம்முறை எதுவும் இறங்கவில்லை. திரை நிறையப் பிழைச் செய்திதான் வந்தது.

செய்தியின் கடைசி வரியை மட்டும் பார்த்த இளைஞர் ஒருவர், கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு, கிடைத்த இடத்திலிருந்து பொதியை எடுத்து வலிந்து நிறுவலாம் என்றார். நான் கணினி வல்லுநன் அல்லன். ஆயினும் மூலம் தெரியாத செய்தியை அச்சேற்றக் கூடாது என்பது செய்தி மேசையில் கற்ற பாடம். வேண்டாம் என்று தடுத்து, பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து வாசித்தோம். களஞ்சியப் பட்டியலைத் தரும் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது அது. வட்டில் இடம் இருந்தது. பிற தளங்களின் பெயர்களை வழங்கி சரியாகவே அறிந்துகொண்டது. அந்த ஒரு முகவரிதான் அகப்படவில்லை. ஆகவே பழுது எங்கள் பக்கத்தில் இல்லை.

காரணம் பின்னர் விளங்கியது. 2014இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 யூன் 30உடன் முடிந்துவிட்டது. அதையடுத்து அந்த முகவரியும் நிறுத்தப்பட்டது. குறிகட்டுவானிலிருந்து படகு வராத நாளில் தீவுக் கடைக்காரரோடு சண்டை பிடித்து என்ன பயன்? பழைய பொதிகளைப் பாதுகாக்கும் காப்பகக் களஞ்சியத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதியதும் இமேஜ்மேஜிக் நிறுவப்பட்டது. ஆனால் அக்காப்பகத்துக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. எனவே முதலில் முழுத் தளத்தையும் படியெடுத்தோம். பிறகு ஆதரவுள்ள வேறொரு லினக்ஸுக்கு மாறினோம்.

இதில் யாரைக் குறை சொல்வது? முடிவுத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. கவனியாதிருந்தவர்கள் நாங்கள். அதைவிடப் பெரிய வெட்கம், வழங்கியின் கடவுச்சொல் எங்களில் ஒருவருக்கும் தெரியாதிருந்தது. அதை அமைத்த நண்பர் காலமாகிவிட்டார். அவருடைய பழைய குறிப்பேடு கிடைத்திராவிட்டால் பிழைச் செய்தியைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

நயினை நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊர்காவற்றுறைக்கு வரும் வணிகக் கப்பல்கள் பற்றியது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவருக்கு. பிற வணிகப் பொருள் ஏற்றிவரும் கப்பலாயின் பாதிக்குப் பாதி. கப்பல் உடைவது அன்று புதினமல்ல. உடைந்தால் என்ன செய்வது என்பதை முன்னதாகவே எழுதி வைத்தார்கள்.

புலம்பெயர்ந்த நாம் ஊருக்கு ஊர் இணையத்தளம் தொடங்குகிறோம். தொடக்க விழாவுக்கு இருக்கும் ஆர்வம் பராமரிப்புக்கு இருப்பதில்லை. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ அழிந்தன. லினக்ஸ் இலவசம்தான், அதைப் பேணும் உழைப்பு இலவசமன்று. கடவுச்சொல் இருவரிடமாவது இருக்க வேண்டும். ஆதரவு முடியும் தேதியும், செய்த மாற்றங்களும் தமிழில் எழுதப்பட வேண்டும். தளத்தின் படி வேறோரிடத்தில் இருக்க வேண்டும். கல்வெட்டுகளின் பிரதிகளை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் கொடுத்து வைக்கலாம்.

உங்கள் ஊர்த் தளத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.