புகை எழும் வாசல்

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே ஒக்டோபர் 31ஆந் திகதி இரவு, பேய்வேடம் பூண்ட சிறுவர் வீடுவீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். ஹலோவீன் எனப்படும் அவ்விரவிலே சில வீட்டு வாசல்களில் தானாகவே புகை எழும், விளக்கு மினுங்கும். இதில் மாயமொன்றுமில்லை. படியேறுவோரின் உடல் வெப்பத்தை உணர்கருவி அறிந்ததும், சிறு மின்சுற்று ஓர் ஆளியை இயக்குகிறது. உடனே கிளைக்கோலும் நீரும் கலந்த திரவம் சூடான குழாயுட் பாய்ந்து ஆவியாகி, வெளிக்காற்றிற் குளிர்ந்து நுண்துளிகளாய்ப் பரவுகிறது.

சிலர் உலர்பனிக்கட்டியை நீரிலிடுவர். அது பூச்சியத்திற்குக் கீழ் 78 பாகை சதமளவு குளிரானது, வெறுங்கையைப் புண்ணாக்கும். அதிலிருந்தெழும் காபனீரொட்சைட்டு மூடிய அறையில் உயிருக்கே ஊறாகும்.

புகை படியையும் மறைக்கும். முகமூடி அணிந்த குழந்தை இடறலாம். ஆகவே படிவிளக்கொன்றை மட்டும் அச்சுற்றிற் சேர்க்காது, அணையாமல் எரியவிடுதலே அறிவுடைமையென நாம் கருதுகிறோம்.