கொட்டாய்க்குள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியா சென்னை பஸ் பிடிச்சிருக்கீங்களா பாஸ்? கோட்டக்குப்பம் தாண்டி கொஞ்ச தூரத்துல பொம்மையார்பாளையம் வரும். இடது பக்கம் ஆரோவில் செம்மண் மேடு, வலது பக்கம் கடல். காதுல ஹெட்போனை மாட்டிட்டுத் தூங்குற பார்ட்டியா இருந்தா, அடுத்த தடவை அந்த ஏரியாவுல மட்டும் முழிச்சிருந்து வலது பக்கம் பாருங்க. கரையில இழுத்துப் போட்ட ஃபைபர் படகுங்க தெரியும். (கரையே வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டு வருது. அது தனி சோகம்.) கட்டுமரம் மட்டுமே இருந்த கடற்கரையில இந்தப் படகுங்க ஏற்கெனவே வர ஆரம்பிச்சிருந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் எங்க பார்த்தாலும் இதுதான்.

'கார் பத்தி எழுதறேன்னு சொல்லிட்டு படகுல ஏத்துறியே'ன்னுதானே கேக்கறீங்க? விஷயம் இருக்கு. அடி வாங்கின படகை ஒருத்தர் கண்ணாடி நார் மேட், ரெசின், ரோலர் வெச்சு ஒட்டுறாரே, அதே மேட், அதே ரெசின், அதே ரோலர்லதான் உலகத்துல நூத்துக்கணக்கான ஸ்போர்ட்ஸ் காருக்கு பாடி செஞ்சிருக்காங்க. 1953-ல வந்த அமெரிக்க கார்வெட்டுக்கு ஃபைபர் பாடிதான். 90-களின் கடைசியில நம்ம நாட்டுல வந்த 'சான் ஸ்டார்ம்' குட்டி ஸ்போர்ட்ஸ் காரும் ஃபைபர்தான். தகரத்தை அமுக்கி கார் பாடி செய்யணும்னா கோடிக்கணக்குல பிரஸ்ஸும் டையும் வேணும். ஃபைபருக்கு ஒரு கொட்டாய் போதும்.

வீட்டுலயே கார் கட்டுற பைத்தியம் உலகம் பூரா இருக்கு. இங்கிலாந்துல அதுக்குப் பேரு கிட் கார். பார்ட்ஸை எல்லாம் பெட்டியில போட்டு வித்துடுவாங்க, நீங்களே முடுக்கிக்க வேண்டியதுதான். இதுல ராஜா, 1957-ல காலின் சாப்மன் கொண்டு வந்த லோட்டஸ் செவன். முழு காரா வாங்கினா அப்போ பர்ச்சேஸ் டாக்ஸ் கட்டணும். பார்ட்ஸா வாங்கினா வரி கிடையாது. ஆனா அரசாங்கம் ஒரு கொக்கி போட்டுச்சு: பார்ட்ஸோட 'எப்படி மாட்டணும்'னு குறிப்பு தரக் கூடாது! லோட்டஸ்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 'இந்தக் காரை எப்படிக் கழட்டணும்'னு குறிப்பு கொடுத்தாங்க. வாங்கினவங்க அதைக் கடைசியிலேர்ந்து படிச்சு மாட்டிக்கிட்டாங்களாம். நம்மாளுங்க தோத்தாங்க போங்க!

அந்த முதல் செவன்ல இருந்தது ஃபோர்டோட 1172 சி.சி. இன்ஜின். பவர்? சுமார் 40 குதிரைத்திறன்தான். நம்ம மாருதி 800-ல இருந்ததுக்குக் கொஞ்சம்தான் கூட. இங்கதான் கணக்குப் போடணும். மாருதி 800 எடை தோராயமா 650 கிலோ, பவர் 37 குதிரை. ஒரு டன்னுக்கு 57 குதிரைன்னு வருது. அதே இன்ஜினை 450 கிலோ வண்டியில வெச்சா? டன்னுக்கு 82! ஒரு குதிரை கூட வாங்கல பாஸ், 200 கிலோவைத் தூக்கிப் போட்டோம், அவ்வளவுதான். கதவு, கண்ணாடி, பின் சீட்டு, ஏ.சி. எல்லாம் கட். எடை குறைஞ்சா பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும், டயரும் கம்மியாத் தேயும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுல போட்டுப் பார்த்து ஜெயிச்சவர் ஒருத்தர் இருக்கார். பேரு கரிவர்தன். கோயமுத்தூர்க்காரர், லட்சுமி மில்ஸ் குடும்பம். வசதிக்குக் குறைவில்ல, வெளிநாட்டு ரேஸ் காரை இறக்கி ஓட்டிட்டு ஜாலியா இருந்திருக்கலாம். சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் ஓட்டினவர்தான். ஆனா ரேஸுக்கு வர்ற பையங்க எல்லாருக்கும் அப்பா மில் வெச்சிருப்பாரா என்ன? 80-களின் கடைசியில, ஊரெல்லாம் ஓடிக்கிட்டிருந்த மாருதி 800-ஓட 796 சி.சி. இன்ஜினை எடுத்து, டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வெச்சு, ஒத்தை சீட்டு ரேஸ் கார் ஒண்ணை டிசைன் பண்ணினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 'ஃபிஸ்மி'ன்னும் சொல்வாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் இன்ஜினைப் பிரிச்சு மாட்டுவார். இதுக்கு மேல என்ன வேணும்?

1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர ரேஸ் டிராக் வந்தது. அங்க ஃபார்முலா மாருதியில ரேஸ் வாழ்க்கையை ஆரம்பிச்ச இன்னொரு கோவைப் பையனை உங்களுக்குத் தெரியும். நரேன் கார்த்திகேயன். 2005-ல ஜோர்டான் டீமுக்காக ஓட்டின இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர்! அவர் அந்த இடத்துக்குப் போறதைப் பார்க்க கரிவர்தன் இல்ல. 1995-ல ஒரு குட்டி விமான விபத்துல போயிட்டார். கோவை செட்டிப்பாளையத்துல இருக்கிற ரேஸ் டிராக்குக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே'ன்னு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க.

சரி, 'நானும் கட்டறேன்'னு கிளம்பிட்டீங்களா? கொஞ்சம் உக்காருங்க.

முதல்ல எலும்புக்கூடு. 1996-ல இங்கிலாந்துல ரான் சாம்பியன்னு ஒருத்தர், 250 பவுண்டுல ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம்னு தலைப்புலயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். அதுல சேஸிஸ் முழுக்க ஒரு இன்ச் சதுரக் குழாய், கனம் 1.6 மில்லிமீட்டர். இந்தக் குழாய் விழுப்புரம், திண்டிவனம் இரும்புக் கடையில கேட்டாலே கிடைக்கும். ரகசியம் குழாயில இல்ல, முக்கோணத்துல இருக்கு. நாலு குழாயை வெல்டு பண்ணி சதுரமாக்கி மூலையில கை வெச்சு அமுக்குங்க, கோணிக்கும். குறுக்கே ஒண்ணு போட்டு ரெண்டு முக்கோணமாக்குங்க, உங்க ஹாஸ்டல் குண்டன் ஏறி நின்னாலும் அசையாது. ஆனா வெல்டிங்ல சிக்கனம் காட்டாதீங்க. கேட், ஜன்னல் கிரில் அடிக்கிற பட்டறையில சாதா ராடு வெச்சு இவ்வளவு மெலிசான குழாயைப் பத்த வெச்சா ஓட்டை விழும். சி.ஓ.டூ. வெல்டிங்கோ, ஆர்கான் வெல்டிங்கோ தெரிஞ்ச கை வேணும். சீட் பெல்ட்டும் சஸ்பென்ஷனும் மாட்டுற இடத்துல வெல்டு விட்டுச்சுன்னா அப்புறம் பேச ஆள் இருக்காது.

மாருதி 800-க்கு இன்ஜின், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒரே செட்டா முன்னாடி இருக்கு. அந்த செட்டை அப்படியே அலாக்கா தூக்கிப் பின்னாடி வெச்சா சூப்பர் கார் மாதிரி நடு இன்ஜின் வண்டி ரெடி. 1972-ல ஃபியட்டும், 1984-ல டொயோட்டாவும் சாதா காரோட முன் செட்டைப் பின்னாடி தள்ளித்தான் எக்ஸ் ஒன் நைனையும், எம்.ஆர்.டூவையும் செஞ்சாங்க. இதுல ஒரு கண்ணி இருக்கு. முன் சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்புற மாதிரி செஞ்சது. பின்னாடி போனப்புறம் அது திரும்பக் கூடாது. டை ராடு மாட்டுற இடத்தை சேஸிஸோட அளவா, உறுதியா கட்டிப் போடலைன்னா, பள்ளத்துல இறங்குறப்போ பின் சக்கரம் தானா வேற ஊருக்குக் கிளம்பிடும்.

அடுத்து பாடி. இங்கதான் பொம்மையார்பாளையம்! சினிமாவுல காட்டுற மாதிரி நேரா காரை வார்த்துட முடியாது. முதல்ல கார் உருவத்துல ஒரு பொம்மை, அதுக்கு மேல மோல்டு, அதுக்குள்ள வேக்ஸ் தேய்ச்சு, ஜெல் கோட் அடிச்சு, மேட் விரிச்சு, ரெசின் ஊத்தி, காத்துக் குமிழ் போக ரோலர்ல தேய்க்கணும். பாதி ஆளுங்க அந்தப் பொம்மை செய்யறதுலயே மனசு விட்டுடுவாங்க. பட்டி பார்த்து, தேய்ச்சு, மறுபடி பட்டி பார்த்து... மாசக்கணக்குல போகும். ஈசியா இருக்கேன்னு தெர்மகோலை செதுக்கி அது மேல நேரா பாலியஸ்டர் ரெசினை ஊத்திடாதீங்க. ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைச்சுடும். கண்ணு முன்னாடியே கார் உருகும்!

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. ரெசினை இறுக வைக்க ரெண்டு மருந்து உண்டு: கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். கோபால்ட்டை ரெசின்ல கலக்கி, நல்லா கிண்டினப்புறம்தான் கேட்டலிஸ்ட். அதுவும் ரெசின் எடையில நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு பங்குதான். ரெண்டு மருந்தையும் நேருக்கு நேர் கலந்தா வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போகலாம், கண்ணாடி போடாம பாட்டிலைத் தொடாதீங்க. மே மாசம் மத்தியானம் பக்கெட் நிறைய கலக்கினா, ரோலர் எடுக்குறதுக்குள்ள பக்கெட்டுலயே இறுகி புகை வரும். மழைக்கால ஈரக் காத்துல சரியா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும். இதெல்லாம் லேப் மேனுவல்ல இருக்காது. படகு ஒட்டுற அண்ணன்கிட்ட மரியாதையா கேட்டு ரெண்டு நாள் கூட நின்னா தெரிஞ்சுடும். கடலோரத்துல கட்டுறவங்களுக்குக் கூடுதலா ஒரு தலைவலி: உப்புக் காத்து. வெல்டு பண்ணின சேஸிஸைப் பிரைமர் அடிக்காம ஒரு வாரம் வெச்சுப் பாருங்க, மஞ்சள் பூசி பொங்கல் வெச்ச மாதிரி நிக்கும்.

இப்போ கசப்பு மாத்திரை. எல்லாம் கட்டி முடிச்சு, பெயின்ட் அடிச்சு, ஈ.சி.ஆர்.ல ஒரு ரவுண்டு போகலாம்னு சாவியைத் திருகினா... முடியாது. இந்தியாவுல ரிஜிஸ்டர் ஆகாத வண்டியைப் பொது ரோட்டுல ஓட்டக் கூடாது. ரிஜிஸ்டர் ஆகணும்னா, கம்பெனிகள் மாதிரி உங்க மாடலையும் அரசு அங்கீகரிச்ச சோதனை நிலையத்துல டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கணும். வருஷத்துக்கு லட்சம் கார் விக்கிற கம்பெனிக்கு அது செலவே இல்ல, ஒத்தைக் கார் கட்டுற உங்களுக்கு அது சொத்து. 'பழைய 800 ஆர்.சி. புக் இருக்கே, அதை வெச்சு ஓட்டிக்கறேன்'னு சொல்ற புத்திசாலிகளுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு அதுக்கும் பூட்டு போட்டிருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, மாத்தின ஒவ்வொரு விஷயத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் உண்டு.

இது புதுக் கதை இல்ல. கோவை ஜி.டி. நாயுடு 1952-ல 2,000 ரூபாய்க்கு ரெண்டு சீட்டு கார் ஒண்ணு கொண்டு வந்ததாவும், தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தராததால அது அப்படியே நின்னு போனதாவும் சொல்வாங்க. சட்டம் தப்புன்னு நான் சொல்லல. பிரேக் பிடிக்காத வீட்டுக் கார் ஒண்ணு ஸ்கூல் வாசல்ல வந்தா என்ன ஆகும்? ஆனா இங்கிலாந்துல ஒத்தைக் காருக்குன்னே தனி டெஸ்ட் வெச்சிருக்காங்க. பிரேக், லைட், புகை, சீட் பெல்ட், கூர்மையா எதுவும் நீட்டிட்டு இருக்கான்னு பார்த்து, பாஸ் ஆனா நம்பர் பிளேட். நம்ம ஊர்லயும் அப்படி ஒரு வாசல் வெக்கலாமே? கண்டம் பண்ற கார்ல பாதி ஸ்பேரை எடுத்து அடுத்த காரைக் கட்டுற திறமை இங்க தெருவுக்குத் தெரு இருக்கு.

அது வர்ற வரைக்கும் உங்களுக்குத் திறந்திருக்கிற வாசல் உங்க காலேஜ்தான். 2007-லிருந்து பாஹா, 2011-லிருந்து சூப்ரா, அப்புறம் கரி ஸ்பீட்வேயிலயே நடக்கிற ஃபார்முலா பாரத். எல்லாம் மாணவர்களே கட்டின வண்டிக்கான போட்டி. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிப்படி பெட்ரோல் இன்ஜின் 710 சி.சி.க்கு மேல போகக் கூடாது, காத்து மொத்தமும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாத்தான் இன்ஜினுக்குள்ள போகணும். அஞ்சு செகண்டுல டிரைவர் பெல்ட்டைக் கழட்டி வெளியே குதிக்கணும். வண்டியை 60 டிகிரி சாய்ச்சுப் பார்ப்பாங்க, ஒரு சொட்டு பெட்ரோல், ஆயில் ஒழுகினாலும் அவுட்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் கடையில காசு கொடுத்து வாங்கி, வைவாவுக்கு முந்தின நாள் நைட்டு 'இது என்ன மச்சி பண்ணும்?'னு கேக்கற கோஷ்டி உங்க கிளாஸ்லயும் இருக்கும். அந்தக் காசை எட்டு பேர் போட்டா ஒரு சேஸிஸுக்கான குழாய் வந்துடும். எச்.ஓ.டி. கிட்ட போங்க. 'கார் கட்டறோம் சார்'னு போனா துரத்துவார். டிராயிங், எடைக் கணக்கு, செலவுக் கணக்கு மூணையும் கையில எடுத்துட்டுப் போனா உக்காரச் சொல்வார்.

செலவுக் கணக்குன்னதும் ஞாபகம் வருது. இந்தப் போட்டியில மொத்தம் 1000 பாயின்ட். அதுல 325 பாயின்ட் கார் நகராமலே கிடைக்கும்: டிசைன் 150, செலவு ரிப்போர்ட் 100, பிசினஸ் பிளான் 75. ராத்திரி பூரா கிரீஸ்ல குளிச்ச நம்ம மெக்கானிக்கல் பசங்க கோட்டை விடுற இடம் இதுதான். அதனால பக்கத்து பில்டிங் எம்.பி.ஏ.வுலேர்ந்து ஒரு ஆளை இப்பவே டீம்ல சேர்த்துடுங்க. ஸ்பேனர் பிடிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, பில்லுங்களைப் பத்திரமா வெச்சுக்கிட்டா போதும்.